பழுக்காத தாருக்கு ஐந்து ஏன்

எங்கள் பிளாட்டில் பழம் வாங்கி வருகிறவர்கள் பையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டுதான் லிஃப்டில் ஏறுவார்கள். உள்ளே ஏழாவது மாடி அக்கா நின்றால் பை தப்பாது. கையை விட்டு ஒரு மாம்பழத்தை எடுப்பார். காம்பை முகர்வார். காதோரம் வைத்துச் சுண்டிப் பார்ப்பார். பிறகு பழத்தை விட்டுவிட்டு, வாங்கியவரின் முகத்தை உற்றுப் பார்ப்பார்.

“இது உன் வீட்ல பழுக்காதுமா. ஒனக்கும் ஒன் மாமியாருக்கும் பேச்சு வார்த்த இல்ல தானே?”

லிஃப்டில் ஆறு பேர் இருப்போம். ஆறு பேரும் தரையைப் பார்ப்போம். ஒருமுறை அந்த ஆறு பேரில் மாமியாரும் ஒருவர்.

நான் பேக்டரி பஸ் ஓட்டுகிறவன். ஜார்ஜ்டவுனில் எங்கள் பிளாட் வாசலில் ஆள் ஏற்றத் தொடங்கி, பாயான் பாருவைத் தாண்டி இருக்கும் எலக்ட்ரானிக்ஸ் பேக்டரியில் கொண்டுபோய் இறக்குவேன். என் பள்ளிப் படிப்பு ஆறாம் வகுப்போடு சரி. மற்றதெல்லாம் என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து பேசுகிறவர்களிடம் படித்தது. அப்படிப் படித்ததில் பாதி, முன் சீட்டில் இருபது வருடம் உட்கார்ந்து வந்த அந்த அக்காவிடம்.

பேக்டரியில் அவருக்குத் தரம் பார்க்கிற வேலை. பச்சை சர்க்யூட் போர்டில் எறும்புக் கால் அளவுக்கு ஓர் ஈயப் பொட்டு ஒட்டாமல் இருக்கும். லென்ஸ் வைத்து அதைக் கண்டுபிடித்து, பக்கத்தில் ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவார். அத்தோடு விடமாட்டார். அது எந்த லைன், எந்தக் கை, அந்தக் கைக்குரியவள் நேற்று எத்தனை மணிக்குத் தூங்கினாள் என்பது வரைக்கும் போவார். ஒருநாள் சாயங்காலம் ஒரு பெண் முதுகில் சிவப்பு அம்போடு பஸ்ஸில் ஏறினாள். அன்றைக்கு அவள் கையில் மூன்று போர்டு கெட்டுப்போனதாம். அம்பு ஒட்டியிருப்பது அவளுக்குத் தெரியாது. பஸ் முழுக்க வாயைப் பொத்திச் சிரித்தது. கண்ணாடியில் பார்த்து நானும் சிரித்தேன். அவள் இறங்கி, பசாருக்குள் நடந்து போவது வரைக்கும் ஒருவரும் சொல்லவில்லை.

ஓய்வு பெற்றபோது பேக்டரி அக்காவுக்கு ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தது. ஸ்டிக்கர் சுருளை அவரே எடுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகுதான் பழம் அவரிடம் மாட்டிக்கொண்டது. போர்டு சொன்ன பேச்சைக் கேட்கும், பழம் கேட்காது. திங்கட்கிழமை கல்லாக இருக்கிற அவகாடோ செவ்வாய்க்கிழமையும் கல்லாகவே இருக்கும். புதன்கிழமை வெட்டினால் உள்ளே கறுப்பு. “அப்ப எப்பதான் பழமா இருந்துச்சு?” என்று அக்கா கேட்டார். மூன்று நாள் யோசித்து அவரே சொன்னார்: “நீ குளிக்கிற நேரத்துல பழுத்திருக்கு. அவகாடோ ஆணவம் புடிச்ச பழம். ஆளு பாத்தா பழுக்காது.”

அவருடைய விஞ்ஞானம் இப்படித்தான் தொடங்கியது. பழத்துக்குத் தேதி தெரியக்கூடாது என்பது முதல் விதி. தெரிந்தால் வேண்டுமென்றே தள்ளிப்போகும். அதனால் வீட்டில் பூசை வந்தால் சமையலறையில் யாரும் நாளைச் சொல்லக் கூடாது. “அந்த விசயம்” என்றுதான் சொல்ல வேண்டும். நாள்காட்டியைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி மாட்டியிருந்தார். பப்பாளியைச் சீனப் பேப்பரில் சுற்றினால் இரண்டு நாள், தமிழ்ப் பேப்பரில் சுற்றினால் மூன்று நாள், இங்கிலீஷ் பேப்பரில் பழுக்கும், ஆனால் இனிக்காது. மரண அறிவிப்புப் பக்கத்தில் சுற்றினால் அழுகும். சுற்றியவர்கள் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுச் சுற்றினால் இன்னும் சீக்கிரம் அழுகும்.

“டுரியான் ஒண்ணுதான் யோக்கியன்,” என்பார். “பழுத்தா விழுவான். ஒருத்தன்கிட்ட கேக்க மாட்டான். வாழப்பழம் நம்ம சொந்தக்காரன் மாதிரி. ஒருத்தன் பழுத்தா எல்லாப் பயலும் பழுப்பான், ஒருத்தன் அழுகுனா எல்லாப் பயலும் அழுகுவான்.”

இப்படிப்பட்ட வாக்குகளுக்காகவே நான் அவர் வீட்டுக்குப் போவேன். வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருப்பேன். நம்பினேனா என்று கேட்டால், பாதி. எனக்கு அந்தப் பேச்சு வேண்டியிருந்தது.

எல்லாவற்றுக்கும் மேலே நின்றது அவருடைய கேஸ் தத்துவம். பழத்திலிருந்து ஒருவித கேஸ் வருகிறது, அதுதான் பக்கத்துப் பழத்தையும் பழுக்க வைக்கிறது என்று யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார்கள். அதைப் பிடித்துக்கொண்டார். “பழம் கேஸ் விட்டா, மனுசனும் விடுவான் தானே?” என்றார். நாங்கள் சிரித்தோம். “அந்த கேஸ் இல்ல லா! மனசுல உள்ளது!” நிம்மதியான மனிதன் விடும் கேஸில் பழம் பழுக்கும், ஏக்கம் பிடித்த மனிதன் விடும் கேஸில் பழம் நின்றுபோகும். அவ்வளவுதான் தத்துவம்.

பிளாட்டில் அவர் கண்டுபிடித்த மிக நிம்மதியான ஆள் ஆறாவது மாடி பெரியசாமி அண்ணன். மனைவி மகள் வீட்டோடு தங்கப்போன நாளிலிருந்து அவர் முகத்தில் ஒரு தேஜஸ். அக்கா அவரை அழைத்துவந்து மாங்காய்க் கூடைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைப்பார். காலையில் அரை மணி நேரம், மாலையில் அரை மணி நேரம். கையில் தேத்தண்ணி, முறுக்கு. அண்ணன் பேப்பர் படிப்பார்.

“என்னாண்ணே, வேல எப்படி?” என்று கேட்டால், “நல்லா பழுத்துக்கிட்டு இருக்கேன் தம்பி,” என்பார்.

ஏக்கக்காரர்களின் பட்டியலும் அக்காவிடம் இருந்தது. பிள்ளையில்லாதவர்கள், மகன் கடிதம் போடாதவர்கள், நாற்பது வயதாகியும் கல்யாணம் ஆகாத, பள்ளிக்கூட ஆபீஸில் எழுத்து வேலை பார்க்கிற கிராணி அம்மா. அவர்கள் கோயில் தட்டுக்குப் பழம் தொட்டால் அக்கா சத்தமில்லாமல் வாங்கி வேறு இடத்தில் வைப்பார். திட்டமாட்டார். பழத்தில் ஒரு அம்பு ஒட்டுவார். கிராணி அம்மா அதற்குப் பிறகு கோயிலுக்கு வெறுங்கையோடு வரத் தொடங்கினார்.

புருசன் போன துக்கத்தில்தான் அக்கா இப்படி ஆகிவிட்டார் என்று பிளாட்டில் சொல்வார்கள். அவர் கணவர் ஒரு காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு நின்றவர், அப்படியே விழுந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் ஒருவர், “சில நேரம் காரணம் தெரியறதில்ல ஆன்ட்டி,” என்று சொன்னதற்கு, அக்கா பிணத்தை வாங்காமல் ஒரு மணி நேரம் அவரோடு சண்டை போட்டாராம். “தெரியலன்னு சொல்றவன் தேடலன்னு அர்த்தம்.” நடந்தது உண்மைதான். ஆனால் அதற்கு முந்திய பத்து வருடமும் அவரை ஏற்றிக்கொண்டு போனவன் நான். அப்போதும் அவர் இதே அக்காதான். பஸ் பஞ்சர் ஆனால்கூட, டயரைப் பார்க்க மாட்டார். இறங்கி நிற்கிற நாற்பது பேரின் முகத்தைப் பார்ப்பார்.

மாலினி வந்தது அக்கா ஓய்வு பெற்றதற்கு அப்புறம். எங்கள் பேக்டரியில் பேக்கிங் பிரிவில் வேலை செய்கிற பெண், தாசேக் கெலுகோர் ஊர்க்காரி. வீட்டை எதிர்த்துக் கல்யாணம் செய்துகொண்டவள். அக்கா தன் வீட்டில் ஒரு அறையை வாடகைக்கு விட்டிருந்தார். அதில் ஒரு கண்டிப்பு: தனியாக இருக்கிற பெண்ணுக்குத் தரமாட்டார். ஏக்கத்தை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு பழம் வாங்க முடியாதாம். மாலினி தன் கணவன் சிங்கப்பூரில் வேலை செய்கிறான், இரண்டு மாதத்துக்கு ஒருதரம் வருவான் என்று சொல்லி அறையை வாங்கினாள்.

கணவன் சிங்கப்பூரில் இருந்தது உண்மை. ஆனால் அங்கே அவனுக்கு வேறொருத்தி இருந்தாள். இவள் போன் அடித்தால் அவன் எடுப்பதை நிறுத்தி ஏழு மாதம். எனக்கு எப்படித் தெரியும் என்றால், மாலினி முன் சீட்டில் உட்கார்ந்து, அந்தப் பக்கம் யாரும் எடுக்காத போனைக் காதில் வைத்துக்கொண்டே வருவாள். ஒருநாள் கண்ணாடியில் நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, நடந்ததையெல்லாம் சொன்னாள்.

“அண்ணே, அக்காகிட்ட சொல்லிடாதீங்க. ரூம் போயிடும். அப்பா வீட்டுக்கு நான் போவ முடியாது. ‘போனவ போனவதான்’னு சொல்லிட்டாரு.”

“நான் ஏம்மா சொல்றேன்?” என்றேன். சொல்லவும் இல்லை. ஒருவரிடமும் சொல்லவில்லை. அதை இன்றைக்கும் பெருமையாகச் சொல்லிக்கொள்ள முடியவில்லை என்பதுதான் கதை.

தைப்பூசத்துக்கு ரதம் வருகிற பாதையில் எங்கள் பிளாட்காரர்கள் தண்ணீர்ப் பந்தல் போடுவோம். மோர், சர்பத், கப்பில் பஞ்சாமிர்தம். பஞ்சாமிர்தத்துக்கான வாழைப்பழம் அக்கா பொறுப்பு. பன்னிரண்டு தார் பீசாங் மாஸ் வாழை, சரியாக அந்த நாளைக்குப் பழுத்திருக்க வேண்டும். ஒருநாள் முந்தினால் கூழ், ஒருநாள் பிந்தினால் துவர்ப்பு. கார்பைட் கல்லெல்லாம் அவரிடம் பேசக்கூடாது. “அது பழுக்க வைக்கிறது இல்ல, பழத்த மெரட்டுறது,” என்பார்.

அந்த வருடம் சுங்கை பாக்காப்பில் ஒருவர் தோட்டத்தில் சொல்லி வைத்திருந்தோம். லீவு நாளில் பஸ்ஸை எடுத்துக்கொண்டு நான்தான் போனேன். தார்களை ஒவ்வொரு சீட்டிலும் ஒன்றாக உட்கார வைத்துக் கட்டினோம். தோட்டக்காரர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

“தம்பி, கொரங்கு தொல்ல தாங்கல. முத்துறதுக்கு முன்னாடியே வெட்டிட்டேன். எப்பவும் போல நாலு நாள்ல மஞ்ச கட்டாது. தைப்பூசத்துக்கு மொத நாள் வரைக்கும் பச்சையாத்தான் இருக்கும், அன்னைக்கு ஒரேயடியா பழுத்துரும். அவசரப்பட வேணாம்னு அக்காகிட்ட சொல்லிரு.”

“சரிண்ணே,” என்றேன்.

தீவுக்குத் திரும்புகிற கடல் பாலத்தில் டிராபிக் ஜேம். ஒன்றரை மணி நேரம். பிளாட்டுக்கு வந்ததும் தாரை இறக்கு, சாக்கைக் கொண்டா, அந்தப் பக்கம் வேணாம் இந்தப் பக்கம் என்று அக்கா விரட்டியதில் எனக்கு மறந்துபோனது. மறதிதான். அதுவரைக்கும் அது வெறும் மறதிதான்.

பெரியசாமி அண்ணன் காலையும் மாலையும் வந்து உட்கார்ந்தார். நாலு நாள் ஆனது, தார் பச்சை. அக்கா அவரை இரண்டு வேளையும் ஒரு மணி நேரம் உட்கார வைத்தார். ஐந்தாம் நாளும் பச்சை. அண்ணனுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. தைப்பூசத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது, பந்தல் வேலை செய்கிறவர்கள் எல்லாரும் மத்தியானம் கீழ் மண்டபத்துக்கு வரவேண்டும் என்று வாட்ஸ்அப்பில் சேதி வந்தது.

பதினைந்து பேர் போனோம். அக்கா வெள்ளைப் பலகைக்கு முன்னால் நின்றார், கையில் மார்க்கர். பலகையில் ஒன்றிலிருந்து ஐந்து வரை எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ‘ஏன்?’ என்று போட்டிருந்தார். இது பேக்டரியில் செய்வது. ஒரு பொருள் கெட்டுப்போனால் ஐந்து தடவை ‘ஏன்’ கேட்க வேண்டும். ஐந்தாவது ஏனில் வேர் அகப்படும் என்பார்கள். போர்டுக்கு அது சரிதான்.

“மொத ஏன். பழம் ஏன் பழுக்கல?”

“மழ நாளா இருக்கேக்கா,” என்று ஒருவர் சொன்னார்.

“மழ எல்லார் வீட்லயும்தான் பெய்யிது. கீழ் மாடியில பப்பாளி பழுத்திருக்கு. எங்க வீட்ல மட்டும் ஏக்கம் இருக்கு.” பலகையில் எழுதினார். “ரெண்டாவது ஏன். ஏக்கம் ஏன் வந்துச்சு? வீட்ல நான் இருக்கேன். எனக்கு ஒண்ணும் வேணாம். பெரியசாமி அண்ணனுக்கும் ஒண்ணும் வேணாம்.”

“முறுக்கு மட்டும்,” என்றார் அண்ணன். எல்லாரும் சிரித்தார்கள்.

“அப்ப, மாலினி?”

கடைசி வரிசையில் மாலினி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். “எனக்கு என்னாக்கா ஏக்கம்?”

“புருசன் சிங்கப்பூர்ல. ஏக்கம் இல்லன்னா அதுவும் தப்பாச்சே!”

மறுபடியும் சிரிப்பு. அவளும் சிரித்தாள். “கொஞ்சம் இருக்கும்தானேக்கா.”

“சரி. மூணாவது ஏன். ஏக்கம் இருந்தா, நீ ஏன் அவரோட போன்ல பேசல? ஒருநாளும் நீ பேசி நான் கேட்டதில்ல.”

“பஸ்ல பேசுவேன்க்கா. வேலைக்குப் போறப்ப.”

பதினைந்து பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அக்கா மார்க்கரை என் பக்கம் நீட்டினார். “தம்பி, பேசுறாளா?”

‘பேசுவாக்கா, தினமும் பேசுவா’ என்று நான் சொல்லியிருக்கலாம். தோட்டக்காரர் சொன்னதும் அந்த நிமிடத்தில்தான் எனக்கு முழுசாக ஞாபகம் வந்தது. தார் முத்தாதது, வேறொன்றும் இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் மார்க்கர் என் பெயரை எழுதும். மாலினி வெங்காயக் கையோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நான் ரோட்டப் பாத்து ஓட்டுறேன்க்கா. பொம்பளப் பிள்ளைங்களப் பாத்து ஓட்டுனா நாப்பது பேரும் கடல்லதான்,” என்றேன்.

மண்டபமே சிரித்தது. எனக்கு வாய் எப்போதும் கைகொடுக்கும்.

“நாலாவது ஏன்,” என்றார் அக்கா. அவருக்கு இப்போது வேகம் வந்துவிட்டது. லென்ஸுக்கு அடியில் பொட்டு தெரிகிறபோது வருகிற வேகம். “தைப்பூசத்துக்கு அவரு ஏன் வரமாட்டேங்குறாரு?”

“லீவு கெடைக்கலக்கா.”

“தீவாளிக்கு?”

“அப்பவும்…”

“பொங்கலுக்கும் கெடைக்கல. சிங்கப்பூர்ல தீவாளிக்கு லீவு உண்டு தானே?” கோபமே இல்லை அவர் குரலில். கணக்குப் போடும் குரல். “அப்ப அஞ்சாவது ஏன். இத்தன மாசமா எங்ககிட்ட ஏன் பொய் சொன்ன?”

மாலினி கத்தியைக் கீழே வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்தாள்.

“நெசத்தச் சொல்லியிருந்தா ரூம் குடுத்திருப்பீங்களாக்கா?”

யாரும் சிரிக்கவில்லை. அக்கா பலகைப் பக்கம் திரும்பினார். ஐந்துக்கு நேராக ‘புருசன் விட்டுட்டான்’ என்று எழுதினார். பையிலிருந்து சிவப்பு அம்பு ஒன்றை உரித்து அந்த வரிக்குப் பக்கத்தில் ஒட்டினார். பிறகு எங்களைப் பார்த்து, பிள்ளை பாஸாகிவிட்ட தாய்போல, “பாத்தீங்களா? காரணம் இல்லாம காய் இருக்குமா?” என்றார்.

மாலினியிடம் கனிவாகத்தான் சொன்னார். “நீ தப்பில்லமா. ஒன் கேஸ்தான் தப்பு. தைப்பூசம் வரைக்கும் வேற எங்கயாச்சும் இருந்துக்க. அப்பறம் பாக்கலாம்.”

அப்புறம் பார்க்கலாம் என்பதற்கு என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும். மறுநாள் காலை ஷிப்டுக்கு அவள் இரண்டு பையோடும் ஒரு ரைஸ் குக்கரோடும் பஸ்ஸில் ஏறினாள். முன் சீட்டில் உட்காரவில்லை. கடைசி வரிசைக்குப் போனாள். பாயான் பாருவில் ஒரு வீட்டில், ஒன்பது பெண்கள் தங்கியிருந்த இடத்தில், கூடத்தில் படுத்துக்கொள்ள இடம் கொடுத்தார்களாம். அந்த மாதக் கடைசியில் வேலையை விட்டுவிட்டாள். அப்பா வீட்டுக்குப் போனாளா, அவர் கதவைத் திறந்தாரா, எனக்குத் தெரியாது.

தைப்பூசத்துக்கு முதல் நாள் காலையில் அக்கா சாக்கை விலக்கினார். பன்னிரண்டு தாரும் மஞ்சள். ஒரு சீப்பு தப்பவில்லை. தோட்டக்காரர் சொன்ன அதே நாள். பிளாட் முழுக்க வந்து பார்த்துவிட்டுப் போனது. பெரியசாமி அண்ணன் கும்பிட்டார்.

பந்தலில் அக்கா கப் கப்பாக அள்ளிக் கொடுத்துக்கொண்டே சொன்னார்: “ஒரு பொண்ணு வீட்ட விட்டு வெளிய போனா, பன்னெண்டு தாரும் பழுத்துச்சு.” கியூவில் நின்றவர்கள் கையில் கப்பைப் பார்த்தார்கள், அக்காவைப் பார்த்தார்கள், கண்ணில் ஒற்றிக்கொண்டு சாப்பிட்டார்கள். நான் இரண்டு கப் சாப்பிட்டேன். அந்த மாதிரி இனிப்பு அதற்கு முந்திய எந்த வருடமும் இருந்ததில்லை.

போன வருடம் அக்காவை அவருடைய மகன் கிள்ளானில் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்விட்டார். பெட்டி தூக்க நான் போயிருந்தேன். மகன் கீழே காரில் காத்திருந்தார். கடைசி நடை, லிஃப்டில் நானும் அக்காவும் மட்டும். இனிமேல் பார்ப்போமோ மாட்டோமோ என்று எனக்குத் தோன்றியது. சொல்லிவிட்டேன்.

“அக்கா, அந்தத் தார் முத்தாம வெட்டுனது. தைப்பூசத்துக்கு மொத நாள்தான் பழுக்கும்னு தோட்டக்காரர் சொன்னாரு. நான் ஒங்ககிட்ட சொல்லல.”

அவர் அதிரவில்லை. கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு என்னைப் பார்த்தார்.

“ஏன் சொல்லல?”

“மறந்துட்டேன்க்கா.”

“கூட்டத்துல ஞாபகம் வந்துச்சா?”

“வந்துச்சு.”

“அப்ப ஏன் சொல்லல?”

“நீங்க என்னையப் புடிச்சுக்குவீங்கன்னு.”

“புடிச்சா? ஒனக்கு வீடா போயிருக்கும்? ஏன் பயந்த?”

“எல்லாரும் சிரிப்பாங்கக்கா.”

“அவளப் பாத்துச் சிரிச்சாங்க. சிரிக்க வெச்சது நீ. ஏன்?”

லிஃப்ட் கீழே வந்து நின்றது. கதவு திறந்தது. வெளியே இரண்டு பேர் சைக்கிளோடு காத்திருந்தார்கள். அக்கா நகரவில்லை.

“நாலு ஆச்சு தம்பி. அஞ்சாவதக் கேக்கவா?”

“வேணாம்க்கா,” என்றேன்.

அவர் குனிந்து பெட்டியை எடுத்துக்கொண்டார்.

“அவ வேணாம்னு சொல்லல,” என்றார்.